இடியன் துவக்கின் பழைய மருந்து: செத்துப்போனது என்று நம்பாதீர்கள்

கடந்த புரட்டாதி மாதம் ஒட்டுசுட்டானுக்கு அப்பால் உள்ள ஒரு கிராமத்துக்கு வேறொரு விடயமாகப் போயிருந்தேன். யானை புகுந்து முறித்த தென்னங்கன்றுகளைப் பற்றி எழுதுவதுதான் நோக்கம். பேசிக்கொண்டிருந்த பெரியவர் இடையில் எழுந்து முற்றத்துக்குப் போனார். வெயிலில் வைத்திருந்த சுளகைக் கையால் ஒருமுறை கிளறிவிட்டு வந்து மீண்டும் உட்கார்ந்தார். மிளகு காய்கிறது என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் கரிய கட்டிகளும் தூளுமாக இருந்தது. கட்டிகளின் ஓரத்தில் உப்புப் பூத்ததுபோல வெள்ளை.

“என்னய்யா இது?”

“மருந்து பிள்ளை. அப்பா இடியனுக்கு வைச்சிருந்தது. ஈரம் பிடிச்சுச் செத்துப்போச்சு. காயவைச்சா உயிர் வருமோ எண்டு பாக்கிறன்.”

காலையில் ஒரு சிட்டிகையை அடுப்புக்குள் போட்டுப் பார்த்தாராம். ‘புஸ்’ என்று புகைந்ததாம், அவ்வளவுதான். அந்த அடுப்பு சுளகிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில் எரிந்துகொண்டிருந்தது. பேரப்பிள்ளைகள் இருவர் சுளகைச் சுற்றி ஓடி விளையாடினார்கள்.

கண்ணிவெடி அகற்றும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கும் நண்பர் ஒருவருக்கு அங்கிருந்தே தொலைபேசி எடுத்தேன். அவர் அதிகம் பேசவில்லை. “அடுப்பை அணைக்கச் சொல்லுங்கோ. பிள்ளையளை விலத்துங்கோ. சுளகை ஒருத்தரும் தொட வேண்டாம். அள்ளித் திரும்பக் கொம்புக்குள்ள போட வேண்டவே வேண்டாம்.” இந்தக் கட்டுரையில் இருப்பதில் பெரும்பகுதி அந்த நாலு வசனங்களுக்கான விளக்கம்தான். பிறகு அவரிடமும் வேறு சிலரிடமும் கேட்டும், தேடி வாசித்தும் அறிந்துகொண்டேன்.

பரலுக்குள் இருந்த கொம்பு

2008 இன் கடைசியில் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது, கொண்டுபோக முடியாதவற்றை வளவுக்குள் புதைத்துவிட்டுப் போன குடும்பங்களில் இதுவும் ஒன்று. நீலநிறப் பிளாஸ்டிக் பரல். அதற்குள் குத்துவிளக்கு, கூறைச்சேலை, பட அல்பம், காணி உறுதி. மெனிக் பாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது அடையாளத்துக்கு நின்ற பூவரசு இல்லை, வீடும் இல்லை. பல இடங்களில் வெட்டிப் பார்த்துக் கைவிட்டிருந்தார்கள். இந்த ஆண்டு மலசலகூடக் குழி வெட்டும்போது பரல் அகப்பட்டது. சேலை மக்கியிருந்தது. அல்பம் ஒரே கட்டியாக ஒட்டி, எந்தப் படத்தையும் பிரித்தெடுக்க முடியவில்லை. உறுதி கூழாகிவிட்டது. பொலித்தீனில் சுற்றிக் கிடந்த எருமைக்கொம்பு ஒன்று மட்டும் பழுதில்லாமல் இருந்தது. அதன் வாயில் மரத்தக்கை இறுக்கி மெழுகு பூசியிருந்தது. உள்ளே மருந்து.

வன்னியில் வயதானவர்களுக்கு இடியனைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பின்பக்கம் திறந்து தோட்டா போடும் துவக்கு அல்ல அது. குழலின் வாய்வழியே மருந்தைப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்கிச் சுடுவது. அதனால்தான் இடியன் என்று பெயர் வந்தது என்பார்கள். பன்றியிடமிருந்து பயிரைக் காக்கவும், மானும் மரையும் வேட்டையாடவும் காட்டோரக் கிராமங்களில் அது இருந்தது. இந்தப் பெரியவரின் அப்பாவுக்கும் ஒன்று இருந்தது. எண்பதுகளில் இயக்கமொன்று வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டது. ஆகவே கொம்புக்குள் இருந்த மருந்துக்கு நாற்பது வயதுக்குக் குறையாது.

“சுடுறதுக்குத் துவக்கே இல்லையே. பிறகேன் காயவைக்கிறீங்கள்?” என்று கேட்டேன்.

“அப்பா வைச்சது பிள்ளை. பழுதாப்போக விடுறதோ?”

அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

ஈரம் என்ன செய்கிறது

இடியனுக்குப் பயன்பட்டது கரிமருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றும் சேர்ந்த கலவை. எரிவது கரி. அது எரியத் தேவையான ஒட்சிசனைத் தருவது வெடியுப்பு. கந்தகம் தீ இலகுவில் பற்ற உதவுகிறது. இது கலவையே தவிர ஒரே பொருளாகிவிட்ட சேர்வை அல்ல என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். தொழிற்சாலையில் மூன்றையும் மிக நுண்ணியதாக அரைத்து, அழுத்தி, மணிகளாக உடைக்கிறார்கள். ஒவ்வொரு சிறு மணிக்குள்ளும் மூன்றும் தோளோடு தோள் ஒட்டி இருப்பதால்தான் அது வேகமாக எரிகிறது.

இந்த மூன்றில் தண்ணீரில் கரைவது வெடியுப்பு மட்டும்தான். எங்கள் ஊர் வெப்பநிலையில் 100 மில்லிலீற்றர் தண்ணீரில் சுமார் 45 கிராம் வெடியுப்புக் கரையும். கந்தகமும் கரியும் கரையாது. கரி காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். சுத்தமில்லாத வெடியுப்பு அதைவிட அதிகமாக இழுக்கும். மாரியில் வாடைக்காற்றோடு வரும் ஈரம் உள்ளே போய் வெடியுப்பைக் கரைக்கிறது. கோடையில் காயும்போது கரைந்த உப்பு மணியின் உள்ளிருந்து வெளிப்பக்கம் நகர்ந்து அங்கே பளிங்காகப் படிகிறது. பெரியவரின் சுளகில் நான் பார்த்த வெள்ளை இதுதான். பதினைந்து மாரியும் பதினைந்து கோடையும் இப்படிப் போனால், ஒட்டியிருந்த மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடும். மணிகளும் உதிர்ந்து தூளாகிவிடும்.

காயவைத்தால் ஈரம் போகும். விலகியவை திரும்ப ஒட்டாது. அதனால் பழைய மருந்து காய்ந்த பிறகும் முன்போல வேலை செய்வதில்லை. ஆனால் ஒரே சீராகப் பலவீனமாவதும் இல்லை. ஒரு பிடியில் வெடியுப்புக் குறைந்த பகுதி புகைந்துகொண்டே இருக்கும், இன்னொரு பகுதி சட்டென்று பற்றும். உதிர்ந்த நுண்தூளுக்குச் சிறு பொறியே போதும். பெரியவர் கேட்டாரே, உயிர் வருமோ என்று. அது முழுதாகச் சாகவே இல்லை. ஈரமாக இருந்த அளவும் தூங்கியது. வெயிலில் வைத்தபோது அவரே அதை எழுப்பிக்கொண்டிருந்தார்.

சிட்டிகைச் சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும், பலரும் அதை நம்புகிறார்கள். புத்தம்புதிய கரிமருந்தைக்கூட ஒரு சிட்டிகை எடுத்துத் திறந்த நெருப்பில் போட்டால் ‘புஸ்’ என்றுதான் எரியும். வெடிக்காது. கரிமருந்து வெடிப்பது அடைபட்ட இடத்தில். குழலுக்குள், மூடிய ரின்னுக்குள், தக்கை இறுக்கிய கொம்புக்குள் அதே மருந்து எரிந்தால் வாயு வெளியேற வழியில்லாமல் பாத்திரத்தையே பிளக்கும். அடுப்பில் ‘புஸ்’ என்றதைப் பார்த்து மருந்து செத்துவிட்டது என்று முடிவெடுப்பவர், உண்மையில் மருந்து இன்னும் எரிகிறது என்பதைத்தான் நிரூபித்திருக்கிறார். நண்பர் ‘கொம்புக்குள் போட வேண்டாம்’ என்று அழுத்திச் சொன்னதன் காரணமும் அதுதான். சுளகில் கிடந்தால் பற்றி எரியும். பக்கத்தில் நிற்பவர் சுடுபடுவார். கொம்புக்குள் என்றால் கொம்பே சிதறு துண்டாகும்.

நெடுந்தீவின் பெயர்க்காரர்கள்

பழைய மருந்தைப் ‘பார்ப்பதற்காக’த் திறப்பது எவ்வளவு பழைய ஆபத்து என்பதற்கு ஒரு கதை உண்டு. எங்கள் நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் தங்கள் ஊர் ஒன்றின் பெயரைத்தான் வைத்தார்கள், டெல்வ்ற் என்று. அந்த டெல்வ்ற் நகரத்தில் 1654 ஒக்டோபர் 12 ஆம் திகதி, பழைய கன்னியர்மடம் ஒன்றில் இருந்த மருந்துக் களஞ்சியம் வெடித்தது. ஏறத்தாழ 30 தொன் மருந்து. நகரத்தின் ஒரு பகுதி தரைமட்டமானது. நூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஓவியர் காரெல் ஃபப்ரீற்சியஸும் அவர்களில் ஒருவர். களஞ்சியப் பொறுப்பாளர் மருந்தின் மாதிரியைச் சோதிக்க உள்ளே போனபோது அது நடந்தது என்று சொல்லப்படுகிறது. ஸ்பெயினுடனான எண்பதாண்டுப் போர் 1648 இலேயே முடிந்துவிட்டது. போர் முடிந்து ஆறு ஆண்டுகள் கழித்து அந்த நகரம் இடிந்தது.

ஆறு ஆண்டு போதாது என்றால் இன்னொன்று. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865 இல் முடிந்தது. அந்தப் போரின் பீரங்கிக்குண்டு ஒன்றைத் துப்புரவு செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர் ஒருவர் 2008 இல் வேர்ஜினியாவில் தன் வீட்டு வளவிலேயே இறந்தார். குண்டுக்குள் இருந்தது இதே கரிமருந்து. அனுபவம் இல்லாதவரும் அல்ல. அதற்கு முன் ஏராளமான குண்டுகளைக் கையாண்டவர். 143 ஆண்டுகள்.

குழலுக்குள் மிச்சம் இருந்தால்

கொம்பைவிட, ரின்னைவிட எனக்குப் பயம் தருவது பழைய குழல். இடியனை நிரப்பி வைத்துவிட்டுச் சுடாமல் விடுவது அந்தக் காலத்தில் வழமை. பன்றி எந்த நேரம் வரும் என்று தெரியாது, வந்தபிறகு நிரப்ப நேரம் இருக்காது. அப்படி நிரப்பியபடியே கூரைக்குள் செருகி, அல்லது மண்ணுக்குள் புதைத்து விட்டுப்போன குழல்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் துருப்பிடித்த பைப் துண்டு. உள்ளே இறுகிய மருந்துக்குக் குண்டும் அடைப்பும் காவல். திறந்து கிடக்கும் மருந்தைவிட அது நீண்டகாலம் தாக்குப்பிடிக்கும்.

இந்தப் பைப் எங்கே போகும்? பழைய இரும்புக்காரரிடம், அல்லது கொல்லன் பட்டறைக்கு, அல்லது கிரைண்டர் வைத்து வெட்டும் வெல்டிங் கடைக்கு. மூன்றிலும் நெருப்போ பொறியோ உண்டு. பழைய இரும்பு சேர்த்தவர்களும் அதை வெட்டியவர்களும் போருக்குப் பின்னர் எத்தனை பேர் கையையும் கண்ணையும் உயிரையும் இழந்தார்கள் என்பது வன்னி வாசகருக்குப் புதிதல்ல. அவை எறிகணையால் நடந்தவை என்றுதான் நினைவில் இருக்கும். ஒரு பக்கம் அடைத்திருக்கும் எந்தக் குழலையும் அதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். கம்பி விட்டுக் குத்திப் பார்ப்பதும், சூடாக்கி மருந்தை ‘ஊத்துவதும்’ தற்கொலைக்குச் சமம்.

அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருப்பவர்கள் சிலர் இன்றும் பயிர்க்காவலுக்கு இடியன் பாவிக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு விடயம் சொல்லலாம். விசையை இழுத்துக் கேப் மட்டும் ‘டக்’ என்று வெடித்து, மருந்து பற்றாவிட்டால், துவக்கைத் தாழ்த்தவோ குழல்வாயை எட்டிப்பார்க்கவோ கூடாது. ஈர மருந்து உள்ளே கனன்றுகொண்டிருந்துவிட்டுப் பிந்தி வெடிக்கும். ஆளில்லாத பக்கம் பிடித்தபடி குறைந்தது ஒரு நிமிடம், இரண்டு நிமிடமென்றால் இன்னும் நல்லது, அசையாமல் நிற்க வேண்டும். மற்றது, சத்தம் வழமையைவிடக் குறைவாக இருந்தால் அடுத்த தடவை நிரப்பவே கூடாது. பலவீனமான மருந்து குண்டைப் பாதிவழியில் விட்டிருக்கலாம். அதன் மேல் புது மருந்து போட்டுச் சுட்டால் குழல் முகத்துக்கு நேரே வெடிக்கும். பழைய மருந்தோடு புதியதைக் கலந்து ‘சரிக்கட்டுவதும்’ இதே வழிதான்.

ரின்னுக்குள் இருப்பது மருந்துதானா?

வெளிநாடுகளில் துப்பாக்கிக் கழகங்களில், பழுதான கரிமருந்தைத் தண்ணீரில் ஊறவைத்து அழிப்பது வழமையாக இருக்கிறது. வெடியுப்புக் கரைந்துவிட்டால் மிஞ்சுவது கரியும் கந்தகமும்தானே. அங்கே அது சரி. கடையில் வாங்கிய ரின், மேலே பெயர் எழுதியிருக்கும், உள்ளே என்ன என்று வாங்கியவருக்குத் தெரியும். எங்கள் வளவுகளில் கிடைப்பதற்கு இதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. முப்பது ஆண்டு போர் நடந்த மண்ணில் கரிய தூள் எல்லாம் கரிமருந்து என்று யார் உறுதி சொல்வது?

எறிகணையைத் தள்ளும் மருந்து வேறு. மக்ரோனித் துண்டுபோலவும் குச்சிபோலவும் இருக்கும். சிறுவர்கள் அதைக் கொளுத்தி விளையாடியதை நான் கண்டிருக்கிறேன். அது தண்ணீரில் கரையாது. அதைக் கெடாமல் வைத்திருக்க ஒரு பொருள் சேர்த்திருப்பார்கள். அந்தப் பொருள் காலம் போகப்போகத் தீர்ந்துவிடும். பிறகு மருந்து தானே அமிலமாகச் சிதையத் தொடங்கும், சூடேறும், சில வேளைகளில் தானாகவே பற்றும். புளித்த நெடியும் செம்பழுப்புப் புகையும் அதற்கு அறிகுறி. எறிகணையின் உள்ளே இருக்கும் ரி.என்.ரி. இன்னொன்று. அதுவும் தண்ணீரில் கரைந்துபோகாது. தோல் வழியாக உடலுக்குள் போய் நஞ்சாகும். முதலாம் உலகப்போரில் பிரித்தானியத் தொழிற்சாலைகளில் அதை நிரப்பிய பெண்களின் தோல் மஞ்சளாகிப் போனது. எல்லாவற்றிலும் மோசமானது, பட்டாசு மருந்தும் தீப்பெட்டி மருந்தும் கலந்து வீட்டில் செய்த கலவை. தட்டுப்பாடான காலத்தில் பலர் அப்படிச் செய்தார்கள். அதற்கு நெருப்பே தேவையில்லை. உரசல் போதும், மூடியைத் திருகும்போது ஏற்படும் உரசலும் உரசல்தான்.

ஆகவே கரைப்பது, எரிப்பது, புதைப்பது எதுவும் வேண்டாம். குப்பையோடு எரிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வளவைத் துப்புரவாக்கிக் குப்பைக்கு நெருப்பு வைக்கும்போது வெடித்த செய்திகளை ஒவ்வொரு ஆண்டும் எழுதுகிறோம். கிணற்றுக்குள் போடுவது இன்னும் பலருக்குப் பாதுகாப்பான வழியாகத் தெரிகிறது. வெடியுப்பு ஒரு நைத்திரேற்று. குடிநீரில் நைத்திரேற்றுக் கூடினால் முதலில் பாதிக்கப்படுவது கைக்குழந்தைகள். பாழ்கிணறுதானே என்று போட்டாலும் நிலத்தடி நீர் ஒன்றுதான்.

விற்பது என்றொரு வழியும் இருக்கிறது. பரல் அகப்பட்ட செய்தி பரவி மூன்றாம் நாள், பெரியவரிடம் ஒருவர் வந்து மருந்துக்கு விலை கேட்டிருக்கிறார். எதற்கென்று அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. பன்றிவெடிக்காகத்தான் இருக்கும். சிங்களத்தில் ‘ஹக்க பட்டாஸ்’ என்கிறார்கள். தீனுக்குள் வைப்பது. பன்றிக்கென்று வைத்தாலும் கடிப்பது யானைக்கன்றாகவும் ஊர்மாடாகவும் இருக்கும். வாய் சிதறிய யானை உடனே சாவதில்லை, தின்ன முடியாமல் நாட்கணக்கில் அலைந்து சாகும். நான் தென்னங்கன்றுகளைப் பற்றி எழுதப் போயிருந்தேன் என்று சொன்னேனே. அந்தத் தோட்டத்துக்குள் வந்த யானைகளில் ஒன்றுக்கும் தாடையில் காயம் இருந்ததாக ஊரவர்கள் சொன்னார்கள்.

அறிவிப்பதற்குப் பயம்

இவ்வளவும் சொல்லிவிட்டு, ‘உரிய தரப்புக்கு அறிவியுங்கள்’ என்று முடித்துவிடலாம். துண்டுப்பிரசுரங்கள் அப்படித்தான் முடிகின்றன. ஆனால் பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டது இதுதான்: “பொலிசுக்குச் சொன்னா என்னை விடுவாங்களோ?”

நியாயமான கேள்வி. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் குற்றம். இடியனும் அதற்குள் வரும். வெடிமருந்துக்கு 1956 ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டம் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக எங்கள் மக்களின் நினைவில் இருப்பது 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம். வீட்டில் கண்டெடுக்கப்பட்ட ஒரு பொருள் எப்படி வழக்காக மாறும் என்பதைப் பக்கத்து வீட்டில் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அந்தப் பயம்தான் கொம்புகளையும் ரின்களையும் கூரைக்குள்ளும் கோழிக்கூட்டுக்குப் பின்னாலும் வைத்திருக்கிறது. அறியாமை அதற்கு அடுத்தபடிதான்.

கண்டெடுத்ததை உடனே அறிவிப்பதும், தெரிந்துகொண்டே வைத்திருப்பதும் வேறு வேறு. தாமதம்தான் உங்களுக்கு எதிராகப் பேசும். என்னால் சொல்லக்கூடியது இவ்வளவு. பொருள் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். பொலிஸ் நிலையத்துக்கு நீங்களே தூக்கிக்கொண்டு போக வேண்டாம். பேருந்திலும் மோட்டார் சைக்கிளிலும் கொண்டுபோவது ஆபத்து, வழியில் மறித்தால் விளக்கம் சொல்வதும் கடினம். கண்ட திகதி, நேரம், இடம், யார் யார் பார்த்தார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். தூரத்தில் நின்று படம் எடுங்கள். தனியாக அறிவிக்காமல், கிராம சேவையாளரையோ, ஊரில் மதிப்புள்ள ஒருவரையோ, பங்குத்தந்தையையோ, கோயில் நிர்வாகத்தில் ஒருவரையோ சேர்த்துக்கொண்டு அறிவியுங்கள். அவசரமென்றால் 119. உங்கள் பகுதியில் கண்ணிவெடி அகற்றும் அணி வேலை செய்தால் அவர்களிடமும் சொல்லலாம். ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் ஆகியவை வடக்கில் வேலை செய்கின்றன. தேசிய கண்ணிவெடி நடவடிக்கை நிலையம் அவற்றை ஒருங்கிணைக்கிறது. வழமையில் பொலிஸார் நீதவானின் உத்தரவைப் பெற்று, விசேட அதிரடிப்படையின் குண்டு செயலிழக்கும் பிரிவைக் கொண்டு பொருளை அழிப்பார்கள். விசாரணை என்ற பெயரில் தொந்தரவு வந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம்.

2017 டிசெம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி 2028 ஜூனுக்குள் கண்ணிவெடிகளை அகற்றி முடிக்க வேண்டும். அந்தக் கணக்கு கண்ணிவெடிகளுக்கானது. கொம்புக்குள் இருக்கும் நாற்பது வருட மருந்துக்கு இப்படி ஒரு திகதி எந்தத் தாளிலும் இல்லை. போருக்கு முந்தைய காலத்தின் துவக்குகளும் மருந்தும் எங்கே மிஞ்சியிருக்கின்றன என்று வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். தண்டனைப் பயமில்லாமல் ஒப்படைக்க ஒரு காலப்பகுதியைத் தமிழில், ஊர் ஊராக அறிவித்தால் எவ்வளவோ வெளியே வரும் என்று அந்த நண்பர் சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

பெரியவரின் மருந்து என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அன்று அடுப்பை அணைத்தார்கள். பிள்ளைகளை மாமி வீட்டுக்கு அனுப்பினார்கள். பின்னேரம் மழை இருட்டிக்கொண்டு வந்து சுளகை நனைத்தது, நான் கும்பிட்டுக்கொண்டேன். மறுநாள் அவருடைய மருமகன் கிராம சேவையாளருக்கு அறிவித்தார். அதற்கு அடுத்த நாள் பொலிஸார் வந்து ஒரு மணித்தியாலம் கேள்வி கேட்டு, எழுதி, கையொப்பம் வாங்கினார்கள். மருந்தையும் சுளகையும் கொம்பையும் விசேட அதிரடிப்படையினர் எடுத்துக்கொண்டு போனார்கள். கைது இல்லை. பத்து நாள் கழித்து சிவில் உடையில் இருவர் வந்து, அப்பாவின் பெயர், தம்பி எந்த இயக்கம், வெளிநாட்டில் யார் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பிறகு யாரும் வரவில்லை.

கொம்பைத் திருப்பித் தருவார்களா என்று அவர் கேட்டபடியே இருக்கிறார். தருவது நல்லதல்ல என்று நண்பர் விளக்கினார். அடிக்கூரில் இறுகியிருக்கும் மருந்தை யாராலும் முழுதாக எடுக்க முடியாது. அதைப் பெரியவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப அதின்ர படம் ஒண்டாவது இருக்கோ பிள்ளை?” என்றார். என்னுடைய தொலைபேசியில் தேடிப் பார்த்தேன். அன்று பதினொரு படம் எடுத்திருந்தேன். எல்லாம் சுளகைத்தான். ஒன்றில் மட்டும் ஓரத்தில் கொம்பு இருக்கிறது, பாதி வெட்டுப்பட்டு.